சேர்வராயன் மலையில் தானியங்கி கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சேலத்துக்காரர்கள் நாலைந்து பேர். தெரிந்த தோட்டக்காரர்களிடம் கேட்டு, ஏற்காட்டுப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் கேமரா கட்டி, ராத்திரியில் என்னென்ன விலங்கு வந்து போகிறது என்று சில வருடங்களாகப் பதிவு செய்து வருகிறோம். தோட்டம் வைத்திருப்பவர்கள், விலங்கியல் படிக்கும் பிள்ளைகள், அடிவாரத்தில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

இது சிசிடிவி மாதிரிதானே?

இல்லை. சிசிடிவி ஓயாமல் ஓடும், அதற்குக் கரண்ட் வேண்டும். தானியங்கி கேமரா, அதாவது எல்லாரும் கேமரா ட்ராப் என்று சொல்வது, பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். எதிரே சூடான உடம்பு ஒன்று அசைந்தால் மட்டும் விழித்து, படம் எடுத்து, அதில் தேதியும் நேரமும் பதித்துவிட்டுத் திரும்பத் தூங்கப் போய்விடும். அதனால்தான் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்த அளவு பேட்டரி எட்டு போட்டால் வாரக்கணக்கில் காட்டில் நிற்கிறது.

யோசனை புதிதல்ல. 1920-களிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வட இந்தியக் காட்டுப் பாதைகளின் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டி, புலியின் கால் பட்டதும் ஃப்ளாஷ் அடித்துப் படம் விழும்படி செய்திருக்கிறார். அதை ஒழுங்கான கணக்கெடுப்பு முறையாக நம் நாட்டில் மாற்றியது, 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் செய்த வேலை. ஒவ்வொரு புலியின் வரியும் வேறு என்பதை வைத்து, எத்தனை புலி படத்தில் விழுந்தது, அதில் எத்தனை திரும்ப விழுந்தது என்று பார்த்து, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்து மதிப்பிடும் முறை அது. 2022-ல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்து 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார்கள். அதில் புலி இருந்த படம் 97,399. மீதியெல்லாம் மற்ற விலங்குகள், மனிதர்கள், மாடுகள், ஆடிய புல்.

ஆள் இல்லாமல் எப்படித் தானாகப் படம் எடுக்கிறது?

முன்பக்கத்தில் லென்ஸுக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை பிளாஸ்டிக் கண் இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள உணரி வெப்பத்தைப் பார்க்கிறது. எதிரே உள்ள இடத்தைச் சில பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் மாறினால் கேமராவை எழுப்புகிறது. அதாவது அசைவு மட்டும் போதாது, சூடு மட்டும் இருந்தாலும் போதாது, சுற்றியிருக்கும் மண்ணுக்கும் பாறைக்கும் விலங்கின் தோலுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் இருந்து அது நகரவும் வேண்டும். குறுக்கே கடக்கும் விலங்கைச் சட்டென்று பிடிக்கும், நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருவதைச் சில சமயம் தாமதமாகத்தான் பிடிக்கும்.

நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஏற்காட்டில் மேலே ஏப்ரல், மே மாதத்திலும் காற்று அவ்வளவு சுடாது, கேமரா நன்றாக வேலை செய்யும். அதே கேமராவை அடிவாரத்தில் குரும்பப்பட்டிப் பக்கம் கட்டினால், சித்திரை வெயிலில் மதியம் பாறை விலங்கின் உடம்பு அளவுக்கே சுட்டுக் கிடக்கும். அப்போது எதிரில் ஒரு கீரி ஓடினாலும் உணரிக்கு வித்தியாசம் தெரியாது. கோடையில் அடிவாரத்தில் பகல் படங்கள் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு “பகலில் ஒன்றும் வரவில்லை” என்று எழுதிவிடாதீர்கள். வந்திருக்கலாம், கேமரா பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இந்த மலையில் என்னதான் படத்தில் விழுகிறது?

உண்மையைச் சொன்னால் அதிகம் விழுவது நாய், மாடு, மனிதர்கள். அதற்கப்புறம் காட்டுப்பன்றி, முயல், முள்ளம்பன்றி, மரநாய், புனுகுப்பூனை, கீரி, நாட்டுக்குரங்கு, எப்போதாவது கேளையாடு. காட்டெருமை தோட்டங்களுக்குள் வருவது ஏற்காட்டில் எல்லாருக்கும் தெரியும். இதை எருமை என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இது மாட்டு இனம். சங்கப் பாடல்களில் ஆமா என்று வரும் காட்டுப்பசு இதுதான் என்பார்கள், எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

மரநாய் காபிப் பழத்தைத் தின்று கொட்டையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போவதைத் தோட்ட வேலைக்கு வரும் அக்காமார்கள் நமக்கு முன்பே பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு அக்கா காட்டிய, விழுந்து கிடந்த சில்வர் ஓக் மரத்தின் எதிரில் கட்டிய கேமராவில் ஒரே மரநாய் தினமும் ராத்திரி ஏழரை மணியிலிருந்து எட்டுக்குள் அந்த மரத்தின் மேல் நடந்து போவது பதினோரு நாள் தொடர்ந்து விழுந்தது. பன்னிரண்டாம் நாள் மழை, அன்று வரவில்லை. அதே மரநாய்தான் என்று தெரிந்தது எப்படி என்றால், வாலின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு முடி கொட்டிப் போயிருந்தது.

கரடி இருக்கிறதா என்று கேட்பார்கள். கரடியூர் என்று ஊரே இருக்கிறது, பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் கேமராவில் இதுவரை விழவில்லை. ஊர்ப் பெயரை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், படம் விழாததை வைத்து இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாங்கள் கேமரா வைத்தது தோட்டங்களில், கரடி தேடுவது வேறு இடம்.

சிறுத்தை?

2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சிறுத்தைகளின் மதிப்பீடு 1,070. பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில்தான். ஆனால் சிறுத்தை நாய், பன்றி, ஆடு எது கிடைத்தாலும் தின்று பிழைக்கும் விலங்கு, காட்டிலிருந்து காட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவிடும். 2024-ல் சேலம் மாவட்டத்திலேயே மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம் ஆடுகளைப் பிடித்த சிறுத்தைக்காக வனத்துறை கேமராவும் கூண்டும் வைத்தது செய்தியில் வந்தது. உங்கள் தோட்டத்துக் கேமராவில் சிறுத்தை விழுந்தால் முதலில் சொல்ல வேண்டியது வனச்சரகரிடம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம். படம் போன அரை மணி நேரத்தில் அந்த இடத்தில் நூறு பேர் நிற்பார்கள், அப்புறம் அந்த விலங்குக்கும் நல்லதல்ல, அங்கே குடியிருப்பவர்களுக்கும் நல்லதல்ல.

அழுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு படங்களுக்கும் இதே விதிதான். செதிலுக்காக அழுங்கைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். இடத்தின் பெயரோ, ஜிபிஎஸ் எண்ணோ, அடையாளம் தெரியும் பாறையோ படத்தோடு வெளியே போகக்கூடாது.

அனுமதி வாங்க வேண்டுமா? நம் தோட்டம்தானே?

உங்கள் பட்டா நிலத்துக்குள் என்றால் உங்கள் விருப்பம், ஆனாலும் சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. பின்னால் ஏதாவது என்றால் அவர்களே உதவிக்கு வருவார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், கேமரா கட்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆய்வுக்கு என்றால் கல்லூரி அல்லது நிறுவனம் வழியாக, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நாள், யார் யார் என்று எழுதி வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். நேரம் ஆகும். காத்திருங்கள். தோட்ட எல்லையில் கட்டும்போது கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் திருப்பிக் கட்டிவிடுங்கள்.

எங்கே, எந்த உயரத்தில் கட்டுவது?

முதலில் ஒரு நாள் கேமரா இல்லாமல் நடங்கள். எச்சம், கால்தடம், மரத்தில் உரசின அடையாளம், புல்லில் படுத்த இடம், வேலியில் எந்த ஓட்டை வழியாகப் பன்றி நுழைகிறது என்று பாருங்கள். தோட்டத்தில் பத்து இருபது வருடம் வேலை செய்யும் மலைவாசி அண்ணன் ஒருவர் கூட வந்தால் அரை நாளில் தெரிந்துகொள்வது, நீங்களாகத் தேடினால் ஒரு மாதம் ஆகும். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், அது அவர் அறிவுக்கான சம்பளம்.

பொதுவாக நடைபாதையிலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், தரைக்கு இணையாகக் கட்டினால் முயலிலிருந்து காட்டெருமை வரை ஏதோ ஒரு பகுதியாவது விழும். எல்லாரும் செய்யும் தப்பு, தன் நெஞ்சு உயரத்தில் கட்டிக் கீழே சாய்ப்பது. அப்படிக் கட்டினால் கீரி, புனுகுப்பூனை எல்லாம் கண்ணுக்கே படாமல் போகும். லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்க்கக் கூடாது, காலையும் மாலையும் வெயில் நேரே அடித்துப் படம் வெளுத்துவிடும். சரிவில் கட்டுவதாக இருந்தால் குச்சி ஒன்றைப் பின்னால் செருகி, தரை சாய்ந்திருக்கும் அளவுக்குக் கேமராவையும் சாய்க்க வேண்டும். இந்த மலையில் சமதரை எங்கே இருக்கிறது!

எதிரில் உள்ள புல்லையும் உண்ணிச்செடிக் கிளையையும் வெட்டிவிடுங்கள், தேவையான அளவு மட்டும். எங்கள் முதல் வருடத்தில் ஒரே ஒரு புல்கற்றையை விட்டுவிட்டோம். வெயில் பட்டுச் சூடான இலை காற்றில் ஆட ஆட மூன்று நாளில் நாலாயிரத்துச் சொச்சம் படம், மெமரி கார்டு நிரம்பி நின்றுவிட்டது. மீதி பதினெட்டு நாள் அந்தப் பாதையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அந்தப் பாதையை அடுத்த வருடம் தார் போட்டுவிட்டார்கள்.

கட்டி முடித்ததும் விலங்கு மாதிரியே குனிந்து தவழ்ந்து எதிரே போய்ப் பாருங்கள், விளக்கு எரிகிறதா என்று. அப்புறம் ஒரு தாளில் இடத்தின் எண், தேதி, நேரம் எழுதி லென்ஸுக்கு எதிரே காட்டிவிட்டு வாருங்கள். அந்த ஒரு படம் இருந்தால் பின்னால் கார்டுகள் கலந்துபோனாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

எத்தனை கேமரா, எத்தனை நாள்?

உங்கள் கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. “என் தோட்டத்துக்கு என்னென்ன வருகிறது” என்பது ஒரு கேள்வி, அதற்கு நாலு கேமராவை மாற்றி மாற்றிக் கட்டினாலே போதும். “இந்த மலையில் எத்தனை இருக்கிறது” என்பது வேறு. புலிகள் கணக்கெடுப்பில் இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி கேமரா என்று வைப்பார்கள். சேர்வராயன் மலை ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர், நீங்களே போட்டுப் பாருங்கள். தனி ஆளால் ஆகிற காரியமில்லை.

நாள் கணக்குக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு விலங்கு அந்த இடத்தில் இருந்தும், ஒரு ராத்திரியில் அது படத்தில் விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். முப்பது ராத்திரி கேமரா நின்றால் ஒரு தடவைகூட விழாமல் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுதான். அதே விலங்கு கொஞ்சம் அரிது, ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கு மூன்று என்றால், முப்பது ராத்திரிக்குப் பிறகும் நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு, கண்ணில் படாமலே போக. அறுபது ராத்திரி நின்றாலும் பதினாறு. ஒரு வாரம் கட்டிவிட்டு “இங்கே அது இல்லை” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், இதனால்தான்.

நூறு படம் விழுந்தால் நூறு விலங்கா?

கிடையாது. ஒரே பன்றிக் கூட்டம் கேமரா எதிரில் இருபது நிமிடம் மண்ணைக் கிளறினால் அறுபது படம் விழும். அதனால் ஒரே இடத்தில் ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் திரும்ப விழுந்தால் அதை ஒரே வருகையாக எடுத்துக்கொள்வது வழக்கம். பிறகு நூறு கேமரா-இரவுக்கு எத்தனை வருகை என்று கணக்கிடுவார்கள். இருபது கேமரா நாற்பத்தைந்து ராத்திரி என்றால் தொள்ளாயிரம் கேமரா-இரவு, அதில் பதினெட்டு வருகை என்றால் நூற்றுக்கு இரண்டு.

இந்த எண்ணை வைத்து இனத்தையும் இனத்தையும் ஒப்பிடாதீர்கள். காட்டெருமை பெரியது, தூரத்திலிருந்தே உணரியை எழுப்பும், பாதையிலேயே நடக்கும். சின்ன விலங்கு கேமராவுக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் புதருக்குள் ஓடினாலே போச்சு. ஒரே இனத்தை, ஒரே இடங்களில், ஒரே மாதத்தில், வருடா வருடம் ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

தனித்தனியாக அடையாளம் காண முடிந்தவற்றைத்தான் நேராக எண்ண முடியும். புலிக்கு வரி, சிறுத்தைக்குப் பூப்புள்ளி. இடது பக்கத்துப் புள்ளியும் வலது பக்கத்துப் புள்ளியும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா வைக்கிறார்கள். பன்றியையும் முயலையும் அப்படி அடையாளம் காண வழியில்லை. அவற்றுக்கு, எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று மதிப்பிடும் முறைகள் உண்டு, தினசரி விழுந்தது, விழாதது இரண்டையும் குறித்து வைத்தால்தான் அந்த முறைகள் வேலை செய்யும். படம் விழாத ராத்திரியும் தகவல்தான், அதை அழித்துவிடாதீர்கள்.

ஃப்ளாஷ் விலங்கைத் தொந்தரவு செய்யாதா?

வெள்ளை ஃப்ளாஷ் அடித்தால் புள்ளி, வரி தெளிவாக விழும், ஆனால் சில விலங்கு மிரளும், திருடனுக்கும் கேமரா இருக்கும் இடம் தெரிந்துவிடும். அகச்சிவப்பில் இரண்டு வகை: 850 நானோமீட்டர் உள்ளது லேசாகச் சிவந்து தெரியும், 940 உள்ளது நம் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் போகும் தூரமும் குறையும். தோட்டத்துக்கு அகச்சிவப்பே போதும். எந்த வகையாக இருந்தாலும் விலங்குக்கு எதுவுமே தெரியாது என்று நினைக்க வேண்டாம், மெல்லிய சத்தமும் மனித வாசனையும் அதில் இருக்கும். ஒரு காட்டெருமை ராத்திரி இரண்டு மணிக்கு நேராகக் கேமராவிடம் வந்து நின்ற வரிசை எங்களிடம் இருக்கிறது. முதல் படத்தில் நெற்றி, இரண்டாவதில் ஈர மூக்கின் துளைகள் மட்டும், மூன்றாவதில் மூச்சுக்காற்று லென்ஸில் படிந்து ஒரே வெள்ளை. காலையில் போய்ப் பார்த்தால் கேமராவை மரத்தோடு கட்டிய பட்டை இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தது, கேமரா முழுக்க எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது.

மழை, பனி, எறும்பு?

ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் மேகம் தரைக்கே இறங்கிவிடும். ராத்திரிப் படம் முழுக்கப் புகை மாதிரி வெள்ளையாக விழும், அகச்சிவப்பு ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்புகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பாதைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கட்டலாம். கேமராவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு, ரப்பர் வளையத்தில் மண் ஒட்டாமல் துடைத்து மூடுங்கள்.

எறும்புதான் பெரிய பாடு. ஒருமுறை மூடியைத் திறந்தபோது பேட்டரிகளுக்கு இடையில் வெள்ளை முட்டைகளோடு ஒரு முழுக் குடும்பமே இருந்தது, நுண்ணிய கறுப்பு எறும்பு, தொடர்புத் தகடுகள் பச்சை பூத்துப் போயிருந்தன. இப்போது பட்டைக்கு மேலும் கீழும் மரத்தில் வேப்பெண்ணெய் தடவுகிறோம். வாசனை ஏதும் இருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், நியாயம்தான், ஆனால் கேமராவே போய்விட்டால் என்ன செய்வது.

பழைய பேட்டரியும் புதுப் பேட்டரியும் கலக்காதீர்கள். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும், சில கேமராக்கள் அதைப் பாதி தீர்ந்ததாக நினைத்து ராத்திரி ஃப்ளாஷைக் குறைத்துவிடும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் மனிதர்கள் விழுந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். விறகு பொறுக்க வரும் பெண்கள், ஒதுங்கப் போகிறவர்கள், காதலிக்கும் பிள்ளைகள், எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்தைப் பற்றி 2024-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விலங்குக்காக வைத்த கேமராவில் ஒதுங்கப் போன பெண்ணின் படம் விழுந்து, அது ஊர் முழுக்கப் பரப்பப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பயந்து பெண்கள் காட்டுக்குள் பேசுவதையும் பாடுவதையும் குறைத்துக்கொண்டதாகவும் அதில் இருக்கிறது. பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் நடப்பது விலங்கை விலகிப் போக வைக்கும் பாதுகாப்பு, அதையே பறித்துவிட்டோம் என்றால் என்ன ஆய்வு அது?

எங்கள் வழக்கம் இது. கட்டுவதற்கு முன் ஊரில் சொல்லிவிடுவோம், பெண்களிடம் தனியாகப் போய்க் கேட்டு அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கட்டமாட்டோம். கேமரா மேல் தமிழில் ஒரு சீட்டு, எதற்காக வைத்திருக்கிறோம் என்று. மனிதர் விழுந்த படத்தை, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு அன்றே அழித்துவிடுவோம், யாருக்கும் காட்டுவதில்லை, யார் கேட்டாலும். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு திருட்டும் குறைந்துவிட்டது. கம்பிப் பூட்டு போடத்தான் வேண்டும், ஆனால் ஊர் நம்மை நம்புவது அதைவிடப் பெரிய பூட்டு.

தீனி வைத்து வரவழைக்கலாமா?

வேண்டாம். பலாச்சுளையோ கோழிக் கழிவோ வைத்தால் படம் நிறைய விழும், ஆனால் உங்கள் எண் பொய்யாகிவிடும், விலங்குக்கும் மனித இடத்தில் தீனி கிடைக்கும் என்ற பழக்கம் வந்துவிடும். பலா பழுக்கும் காலத்தில் விழுந்து கிடக்கும் பழத்துக்கு எதிரில் கேமரா கட்டுவது வேறு, அது அங்கே தானாக நடப்பது. அதையும் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

இத்தனை படத்தையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது இது மரநாயா புனுகுப்பூனையா என்று சொல்லாது, விலங்கு, மனிதர், வண்டி, வெறும் படம் என்று மட்டும் பிரித்துக் கொடுக்கும். அதுவே போதும், பத்தாயிரம் படம் ஆயிரமாகக் குறைந்துவிடும். இனத்தைச் சொல்லும் மென்பொருள்களும் வந்துவிட்டன, ஆனால் நம் ஊர் விலங்குகளுக்கு அவை சொல்வதைக் கண்ணால் பார்க்காமல் ஏற்காதீர்கள். மரநாய்க்கு உடம்பு கறுத்து வால் நீண்டு வளையம் இல்லாமல் இருக்கும், புனுகுப்பூனைக்கு வரிசை வரிசையாகப் புள்ளியும் வாலில் வளையமும் இருக்கும். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதி வையுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும். பிரயோசனம் உண்டா?

உண்டு. ஒரே இடத்தில் வருடம் முழுக்க நிற்கட்டும், மாதம் ஒருமுறை பேட்டரியும் கார்டும் மாற்றுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டிய தேதி, உயரம், எந்தத் திசை பார்க்கிறது, காபி பூத்தது எப்போது, பழம் எடுத்தது எப்போது, களை வெட்டியது எப்போது என்று எழுதுங்கள். கார்டு மாற்றும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா, நின்றிருந்தால் கடைசிப் படத்தின் தேதி என்ன என்பதையும் எழுதுங்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று உங்கள் செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள், ஏனென்றால் ஒரு கார்டில் 2015 ஜனவரி 1 என்று விழுந்த முந்நூறு படங்களை நாங்கள் இன்னும் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாமல் வைத்திருக்கிறோம்.